ஒரு மணி என்று அச்சடித்த டிக்கெட்

பூஜை அறையில் நான் உட்காருவது மணையில் இல்லை, உன் சிவப்பு மெத்தையில். ஸ்டேடியத்து அலுமினிய பெஞ்சு சுடாமலிருக்க டெக்சாஸ்காரர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்களே, அந்த ரெக்ஸின் மெத்தை. இன்று காலை ஈரத்துணியால் துடைத்து ஜன்னலோரம் வைத்தேன். வெயில் பட்டதும் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தது. இத்தனை வருஷம் சாம்பிராணிப் புகையில் கிடந்தும் அந்த வாசனை போகவில்லை, பிடிவாதத்தில் உன்னைப் போலத்தான். மேலே அச்சடித்திருந்த லீக்கின் பெயர் பாதி உதிர்ந்துவிட்டது. லீக்கே இல்லை, பெயர் மட்டும் இருந்து என்ன செய்யப் போகிறது?

இங்கே கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஆகஸ்ட் முடியப் போகிறது. ஃபுட்பால் சீசன் வருகிறது என்று ஹாலில் என் மகன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, எந்தக் கல்லூரி எந்த லீக்குக்குத் தாவும், தாவினால் டி.வி. எவ்வளவு கொடுக்கும் என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். உனக்கு என்ன ஆச்சு என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். அவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

டெக்சாஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் மயிலாப்பூர், நீ பொள்ளாச்சி. ஒரே வயசு, ஆனாலும் நீ என்னை ஒரு நாளும் "வா, போ" என்று கூப்பிட்டதில்லை. "வாங்க, காபி குடிங்க" என்று மாமியாரிடம் பேசுவது மாதிரி பேசுவாய். நான் உன்னை அடியே, போடி என்பேன். நீ வேலை பார்த்தது ஊர் நடுவிலிருந்த சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில், விளையாட்டுத் துறையில். டிக்கெட் விற்கிற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் முழுக்க உன் கையில்தான் இருந்தது. உன் வீட்டுக்காரர் அப்போது படிப்பை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் குழந்தையும் உன் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் நின்றார்கள். கிரீன் கார்டுக்கு உன் ஆபீஸ் அப்ளை பண்ணி, அது பாதி வழியில் இருந்தது.

முதல் வருஷம் உனக்கு அந்த ஆட்டம் என்ன என்றே தெரியாது. கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு எதற்கு ஃபுட்பால் என்று பெயர் என்று என்னிடமே கேட்டாய். ரெண்டாம் வருஷம் சனிக்கிழமை ஆனால் சிவப்புச் சட்டை, இந்த மெத்தை, தூக்கு நிறைய புளியோதரை. "நம்ம பசங்க தோத்தா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க" என்றாய். நான் கேலி பண்ணினேன். ஆனாலும் பின்னாலேயே வந்தேன்.

அந்த வருஷம்தான் லீக் உடைந்தது. பல காலமாக அந்த மாநிலத்துக் கல்லூரிகள் எல்லாம் ஒரே லீக்காகத் தங்களுக்குள் ஆடிக்கொண்டு, டி.வி. கொடுக்கிற பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று பெரிய கல்லூரிகளுக்கு ஞானோதயம். எங்களைப் பார்க்கத்தானே டி.வி. பணம் கொடுக்கிறது, இந்தச் சின்னப் பங்காளிகளுக்கு எதற்குப் பங்கு என்று வெளியே போய் வேறு மாநிலத்துப் பெரியவர்களோடு சேர்ந்துகொண்டன. உன் கல்லூரி நடுத்தெருவில் நின்றது. வேறு ஏதாவது லீக் சேர்த்துக்கொண்டால் துறை பிழைக்கும், இல்லாவிட்டால் பாதி ஆபீஸை மூடுவார்கள் என்று உன் பாஸ் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பாதி ஆபீஸ் என்றால் அதில் நீயும் உண்டு. வேலை போனால் விசா போகும், விசா போனால் கிரீன் கார்டும் அதோடு போகும், மூன்று பேரும் மூட்டை கட்டவேண்டும். அன்று சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து நீ அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாய். போதும்டி என்று நான் கத்தியைப் பிடுங்கினேன்.

சீசன் டிக்கெட்டுகளை ஜூலையிலேயே அச்சடித்து வீடு வீடாகத் தபாலில் அனுப்பியாக வேண்டும். அந்த வருஷம் புதிதாக ஒரு உத்தரவு வந்தது. டிக்கெட்டில் தேதி மட்டும் போடு, நேரம் போடாதே, டி.வி.காரர்கள் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் நேரம் சொல்வார்கள், அதுவரை 'நேரம் பின்னர்' என்று போட்டால் போதும். நீ என் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு புலம்பினாய். "நேரமே போடாம யாராச்சும் பத்திரிகை அடிப்பாங்களாங்க? எனக்குக் கை வரலீங்க."

கல்யாணமோ கருமாதியோ, நம் ஊரில் நேரம் பார்க்காமல் ஒரு காகிதம் அச்சுக்குப் போகாது. எல்லா டிக்கெட்டிலும் அந்த மூளியான வரியைப் போட்டுவிட்டாய். ஆனால் உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று வெளி லீக்கின் பெரிய மனிதர்கள் வந்து பார்க்கப் போகிற அந்த அக்டோபர் சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் உன் மனசு கேட்கவில்லை. உன் விதி எழுதுகிற நாள், அது நேரமில்லாமல் போகலாமா? ஒரு மணி என்று போட்டாய். அந்த ஊரில் காலம் காலமாகச் சனிக்கிழமை ஆட்டம் ஒரு மணிக்குத்தான். தவிர, ராகு காலம் தாண்டிவிட்டது, எமகண்டம் இன்னும் தொடங்கவில்லை என்று என்னிடம் விளக்கம் வேறு. மாதிரி டிக்கெட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட உன் பாஸுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து ஒரு மணி ஆட்டம்தானே பார்த்திருக்கிறார்.

ஆட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை நீட்டி நீ பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாய். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரம் என்று கேட்டார். நீ தயங்காமல் உன் நட்சத்திரத்தையே சொன்னாய். வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பில் நீ கோபித்துக்கொண்டு கார் வரைக்கும் பேசவில்லை.

நாம் கோயிலிலிருந்து வந்த ரெண்டு நாளில் டி.வி. தன் நேரத்தைச் சொல்லிவிட்டது. காலை பதினொன்றரை. வேறு மாநிலத்துப் பெரிய ஆட்டம் மத்தியானத்துக்கு வருகிறதாம், உங்கள் ஆட்டத்தை அதற்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். பேப்பரில் போட்டார்கள், ரேடியோவில் சொன்னார்கள். ஆனால் அந்த ஊர்க் கிழவர்கள் ரேடியோவை நம்பி ஆட்டத்துக்கு வருகிறவர்களா? கோடையிலேயே டிக்கெட்டை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டார்கள். என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அப்படித்தான் இருந்தது. ராப்பகலாக ஆபீஸிலேயே கிடந்தாய், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என்னிடம் சொல்லக்கூட உனக்கு நேரமில்லை. முடிந்தவர்களுக்கெல்லாம் ஆபீஸிலிருந்து நீயே போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். எத்தனை பேருக்குத்தான் சொல்ல முடியும்?

நானும் என் வீட்டுக்காரரும் தயிர்சாதமும் தூக்குமாகப் பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஆட்டம் பாதி முடிந்திருந்தது. எங்களோடு சேர்ந்து ஊரே வாசலில் நின்றது. நீ கேட் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் சாரி சார், சாரி மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மேலே கண்ணாடி அறையில் அந்த வெளி லீக்குக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது அவர்கள் பார்த்தது காலி பெஞ்சுகளைத்தான். "போச்சுங்க. எல்லாம் என்னாலதான் போச்சு" என்றாய்.

ஆனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. தாமதமாக வந்த ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. உங்கள் பையன்கள் படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் கடைசி விசில் வரை அத்தனை பேரும் நின்றுகொண்டு கத்தினார்கள். கண்ணாடி அறையில் இருந்தவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்து என்ன?

அடுத்த ரெண்டு வாரம் போன் அடித்தால் உனக்குத் தூக்கிப் போட்டது. உன் வீட்டு அடுப்பு நின்றுபோய், குழந்தை என் வீட்டில் சாப்பிட்டாள். கடைசியில் பதில் வந்தது. உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் பாஸ் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை டிசம்பரோடு சரி என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்த ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எந்தக் கல்லூரியைச் சேர்க்கவேண்டும் என்று டி.வி. கம்பெனி வசந்த காலத்திலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது, அதில் நம் பெயர் இல்லை, இவர்கள் வந்தது சும்மா மரியாதைக்கு, எனக்கே நேற்றுதான் தெரியும் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியதாக நீதான் என்னிடம் சொன்னாய்.

நீ அதை நம்பவில்லை. பாவம், சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டாய். விசா முடிவதற்குள் வேறு வேலை தேட வேண்டிய ஓட்டத்தில் என்னாலும் உன்னோடு வாதாட முடியவில்லை. என் வீட்டுக்காரரின் நண்பர் மூலமாகப் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனி உன்னை எடுத்தது. கிரீன் கார்டு மறுபடி முதல் படியிலிருந்து. வாடகை லாரியில் சாமான் ஏற்றிய அன்று இந்த மெத்தையை என் கையில் கொடுத்து, நியூ ஜெர்சி குளிரில் இது எதுக்குங்க என்றாய்.

அப்புறம் எத்தனை போன். ஞாயிற்றுக்கிழமை பேசினால் எங்காவது சுற்றி அங்கேதான் வந்து நிற்பாய். நான் ஒரு மணி என்று போடாமல் இருந்திருந்தால், என்று ஆரம்பிப்பாய். எனக்கு உன்னை அறையவேண்டும் போல இருக்கும். அடியே, அவர்களுக்கு ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதா கணக்கு, எத்தனை வீட்டில் எத்தனை டி.வி. பெட்டி என்பதுதானே கணக்கு, பெரிய கல்லூரிக்கு மாநிலம் முழுக்கப் பெட்டி, உன் கல்லூரிக்கு நாலு தெரு, இதில் நீ எங்கேடி வந்தாய் என்று கத்துவேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் வந்தவங்க ஏமாந்தாங்களேங்க" என்பாய். போனை வைத்துவிடுவேன்.

போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தாய். அதற்குள் அந்த வியாதி. என்னிடம் நீ பேசிய கடைசி போனில் அந்த டெக்சாஸ் பேச்சை எடுக்கவில்லை. புளியோதரைப் பொடியில் எள் வறுத்தா பச்சையா என்று கேட்டாய். மறந்துவிட்டதாம், உனக்கு.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பினார். உன் பெயர், வெள்ளிக்கிழமை, இறுதிச் சடங்கு நடக்கும் இடத்தின் விலாசம். கீழே ஒரு வரி: நேரம் பின்னர் தெரிவிக்கப்படும். சடங்குக்கு இடம் கொடுக்கிற ஃப்யூனரல் ஹோம்காரர்கள் இன்னும் நேரம் ஒதுக்கவில்லையாம். ஆபீஸில் எல்லோர் முன்னாலும் நான் அழுதேன். அந்த வரியை உன் பெயருக்குக் கீழே பார்க்க என்னால் ஆகவில்லை. காரில் போய் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டோடு முடிந்துவிடும் என்றேன்.

"ஒரு மணின்னு போடுங்க. அவங்க கிட்ட சண்டை போட்டாவது வாங்குங்க. அவ அப்படித்தான் போடுவா."

சண்டை போட்டு வாங்கினார். வேலை நாள். நான் கலிஃபோர்னியாவிலிருந்து போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். அதற்குள் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. உள்ளே நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றார்கள், உன் ஆபீஸ் வெள்ளைக்காரர்கள், கோயில்காரர்கள், குழந்தையைத் தோளில் போட்ட பெண்கள். பின்வரிசையில் தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு உயரமாக ஒரு கிழவர் நின்றார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், டெக்சாஸிலிருந்து வந்த உன் பாஸ்.

சரியாக ஒரு மணிக்கு ஆரம்பித்தார்கள். யாரும் ஏமாறவில்லை. கடைசிவரை ஒருவரும் போகவில்லை.