சிவப்பு பட்டனும் ஆட்டுக்கால் சாமியும்

மச்சான்,

நேற்று ராமநாதபுரம் பஸ்ஸில் ஒரு சிவப்பு பட்டனை அமுக்கி அசிங்கப்பட்டேன். மகளின் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். நிறுத்தம் தாண்டிவிடப் போகிறதே என்ற அவசரத்தில், ஜன்னலோரம் இருந்த பட்டன் இறங்குவதற்குத்தான் என்று நினைத்துவிட்டேன். டிரைவர் பக்கம் கீயென்று சத்தம். வண்டி குலுங்கி நின்றது. கண்டக்டர் ஓடி வந்தார்.

"யாருய்யா அமுக்குனது? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. இறங்கணும்."

"இறங்கவா? பேனிக்னு எழுதியிருக்குல்ல? உசுருக்கு ஆபத்துன்னாத்தான் அமுக்கணும். படிச்ச புள்ளயப் பக்கத்துல வச்சுக்கிட்டு..."

பஸ்ஸே சிரித்தது. மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறவள். நான் பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவன். இறங்கி நடக்கையில் அவளிடமே அர்த்தம் கேட்டேன்.

"திடீர்னு புடிச்சு, யோசிக்கவே விடாம ஓட வைக்கிற பயம்ப்பா."

கிரேக்க தேசத்தில் பான் என்றொரு சாமியாம். இடுப்புக்கு மேலே மனுஷன், கீழே ஆட்டுக்கால். ஆளில்லாத காட்டில் அது ஒரு சத்தம் கொடுத்தால் மந்தை மிரண்டு சிதறுமாம், மனுஷர்களும் சேர்ந்துதான். அந்தச் சாமி பேர்தான் பிரெஞ்சுக்குப் போய், இங்கிலீஷுக்கு வந்து, கடைசியில் நம்மூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறது. எனக்கு இளக்காரமாக இருந்தது. ஒளிந்து நின்று ஆட்டை மிரட்டுவதெல்லாம் ஒரு சாமியா? நம்மூர்ச் சாமி அரிவாளோடு எல்லையில் நேருக்கு நேர் நிற்கும்.

ஆடு என்றதும் நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய்.

மண்டபம் ஊரில் நம் தெருவில், சுனாமி பயம் அடங்காத நாள் ஒன்றில், காலையில் ஒருத்தன் பைக்கில் "கடல் உள்ள வருது" என்று கத்திக்கொண்டே போனான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஒருத்தரும் கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவே ஓடியது. ஒருத்தி குக்கரோடு, ஒருத்தன் ஒற்றைச் செருப்போடு. உன் ஆடுகள் மட்டும் வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தழை தின்றுகொண்டிருந்தன. நீ பல் விளக்கிக்கொண்டு நின்றாய்.

"ஏலே மாப்ள, ஆடே பேசாம நிக்கிது. நீ எங்கன ஓடுற?"

நான் நிற்கவில்லை. தண்டவாள மேட்டில் ஏறி மூச்சு வாங்கியபோதுதான் கையைப் பார்த்தேன். டிவி ரிமோட். டிவிகூட இல்லை. அப்புறம்தான் தொட்டில் ஞாபகம் வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி ஓடக் கால் எழும்பவில்லை மச்சான். அந்த வீரத்தை என்னவென்று சொல்ல.

நீ வந்தாய், நடந்து. வாயில் பிரஷ், இடுப்பில் என் மகள். மறுபக்கமிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

"புள்ள எங்க? புள்ள எங்க?"

நீ ரிமோட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அவ்வளவு கேவலமாக என்னை யாரும் பார்த்ததில்லை. நுரையைத் துப்பிவிட்டு அவளிடம் சொன்னாய்: "இவந்தாம்மா எங்கிட்டக் குடுத்துட்டு, வண்டி கிடைக்குமான்னு பாக்க வந்தான்."

கடல் வரவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நான் எங்கே வீறாப்புப் பேசினாலும் "சேனல மாத்து மாப்ள" என்பாய். மற்றவர்களுக்கு விளங்காது, நான் வாயை மூடிக்கொள்வேன். போன ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அப்படிச் சொல்ல ஆளில்லாமல் என் வீறாப்பு கூடிக்கொண்டே போகிறது.

கல்லூரி வாசலில் மகள் கேட்டாள்: "நீ அப்படி ஓடியிருக்கியாப்பா?"

"ஒருதரம். ரிமோட்டத் தூக்கிக்கிட்டு."

"அது தெரியும்ப்பா. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஆனாலும் என்னய மாமாகிட்டக் குடுத்துட்டுத்தான ஓடுன? அந்தமட்டும் உனக்குப் புத்தி இருந்திருக்கு."

தலையாட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

'குடுக்கலம்மா. உன்ன மறந்துட்டு ஓடினேன்.'

அதை மட்டும் சொல்லவில்லை மச்சான்.