ராணிக்குக் கொடுக்காத கறி

ஆவணி 9, செவ்வாய். கோவில்பட்டி முகாம்.

சர்க்கஸில் இனிச் சிங்கம் கூடாதாம். எங்கள் ராணியை இன்று வனத்துறை லாரியில் அனுப்பினோம். போகிற இடத்தில் மரமும் நிழலும் உண்டு. நல்லதுதான். ஆனால் லாரிக் கூண்டுக்குள் வரமாட்டேன் என்று படுத்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க கூப்பிட்டா வரும்லா?" என்றார் லாரியோடு வந்திருந்த மாட்டு டாக்டர்.

வேறு வழி தெரியாமல் ஆட்டத்துக்கு ஊதும் விசிலை ஊதினேன். உடனே எழுந்து உள்ளே ஓடி உட்கார்ந்து, முன்காலைத் தூக்கி வணக்கம் வைத்தது. வணக்கத்துக்கு ஒரு துண்டு கறி. பதினோரு வருடப் பழக்கம். என் கை தானாக வாளிக்குப் போனது.

"வழியில வாந்தி எடுத்துரும். இப்பம் ஒண்ணும் குடுக்காதீய" என்றார் டாக்டர்.

கதவைச் சாத்தியதும் நான்தான். லாரி நகர்ந்தது. ராணி தூக்கிய காலை இறக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு போனது.