டிவி கேமில் நான் இறக்கிய இருட்டு

ஜனவரி 11, ஞாயிறு
சிதம்பரத்திலிருந்து போன். தங்கை இளவரசியின் புருஷன், மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன், காணும் பொங்கலுக்குக் கடலூர் வந்து டிவி கேமைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறானாம். நானும் அவனும் அந்தக் காலத்தில் பாதிப்பாதி போட்டு வாங்கியது. வருஷா வருஷம் காணும் பொங்கலில் ஒரு குகை ஆட்டம், குழி குழியாகத் தாண்டி ஓட வேண்டும். ஜெயித்தவன் வீட்டில் அந்தப் பெட்டி ஒரு வருஷம் இருக்கும். அது என் வீட்டை விட்டு அசைந்ததே இல்லை. இவன் தாண்ட வேண்டுமானால் குழியே இரக்கப்பட்டு நகர்ந்தால்தான் உண்டு. செல்போனில் அந்த ஆட்டத்தைப் பழகுகிறானாம். எருமைகூடத்தான் தினமும் குளத்தில் இறங்குகிறது, நீச்சலுக்குப் பரிசா வாங்கியது?

ஜனவரி 14
பெட்டியைக் கழற்றினேன். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே மிளகு அளவில் ஒரு திருகு. இந்த ரகசியம் அறிந்தவன் தென்னாற்காட்டிலேயே நான் ஒருவன்தான். இடப்பக்கம் கால் சுற்று — குகை அமாவாசை ஆகிவிட்டது. ரிமோட்டில் எவ்வளவு ஏற்றினாலும் சாம்பல் பூக்கும், குழி தெரியாது. எனக்கெதற்கு வெளிச்சம்? எந்தக் குழி எங்கே என்று என் கட்டைவிரலுக்கே தெரியும்.

ஜனவரி 17, காணும் பொங்கல்
வெற்றி. மாப்பிள்ளை முதல் குழியிலேயே மூன்று தரம் காலமானான். கண்ணைக் கசக்கினான். டிவியில் மூக்கு முட்டும்வரை நகர்ந்தான்.
"படம் இருட்டா இல்ல மச்சான்?"
பளிச்சுனு இருக்கே மாப்ள, என்றேன். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. கறிச்சோறு தொடாமல் கிளம்பிவிட்டான். தோற்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும், இவனுக்கு அதுவும் இல்லை.

ஜனவரி 26
இளவரசி போன் பண்ணினாள். மாப்பிள்ளை சர்க்கரை வியாதிக்காரன், பிச்சாவரம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லையாம். வண்டியை விற்கவே ஆள் பார்க்கிறானாம்.
"சர்க்கரை கண்ணுல இறங்கிடுச்சுங்கறாரு அண்ணே. உனக்குப் பளிச்சுனு தெரிஞ்சது அவருக்குத் தெரியலையாமே. டாக்டர்கிட்ட வாங்கன்னா, போய் என்னத்தக் கேக்கறதுங்கறாரு."
மடையன். ஒரு டிவி கேமை நம்பி எவனாவது ஆட்டோவை விற்பானா? — இல்ல, என்னை நம்பினானா? சே.

ஜனவரி 27
திருகை வலப்பக்கம் திருப்பினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு
பெட்டியோடு சிதம்பரம் போனேன். உள்ளே ஏதோ கோளாறு மாப்ள, எனக்கும் அன்னைக்கு இருட்டாத்தான் தெரிஞ்சுது, வீம்புக்குச் சொன்னேன், என்றேன். பாதி உண்மை, இந்த ஜென்மத்துக்கு அதுவே ஜாஸ்தி. தன் டிவியில் மாட்டிப் போட்டான். குகை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. எழுந்து போய் ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டான்.
"இதோ இருக்கு... இதோ..."
இளவரசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
பிறகு, தொட்டுக் காட்டிய அதே குழியில் விழுந்தான். இவனிடம் ஜெயிக்க ஒரு கை போதும். தோற்க ஒன்பது மூளை வேண்டும். நானே குழி தேடித் தேடிப் போய்க் குதித்தேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 6
கண் டாக்டர் ஒன்றும் இல்லை என்றுவிட்டாராம். இருட்டின பிறகு மாப்பிள்ளையே போன் பண்ணினான். பிச்சாவரத்தில் ஆள் ஏறக் காத்திருக்கிறான். பின்னால் மீன்காரம்மாக்கள் இடத்துக்குச் சண்டை. என்னை ஜெயித்ததை முதல் குழியிலிருந்து சொன்னான். ஆட்டோ நிறைகிறவரைக்கும் சொன்னான். நான் எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கே விளக்கினான்.
ஆமாம் மாப்ள, என்றேன்.