வண்டிப்பாதைக்கு ஒரு சாட்சி

மேலக்கொல்லை,
செந்துறை தாலுகா.
10.2.2025

அன்பு மிகுந்த ஆண்டாயி அக்காவுக்குக் கொளஞ்சி எழுதுவது. இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம். அங்கே திருச்சியில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நாலு தடவை போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம். எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும். உங்களுக்கு எழுத்து தெரியாது, மருமகள் பரிமளாதான் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆடி மாதம் நீங்கள் கொல்லை நிலத்தைச் சிமெண்ட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்புறம் செல்லப்பன் கொல்லையும் போய்விட்டது. இப்போது சுற்றிலும் கம்பெனி இடம், நடுவில் எங்கள் ஒன்றரை ஏக்கர் மட்டும். நாங்கள் கொடுக்கவில்லை. மார்கழியில் கம்பி வேலி போட்டார்கள். உங்கள் மேற்கு வரப்பை ஒட்டி நம் இரண்டு வீட்டு வண்டியும் போய்வந்த பாதை வேலிக்குள் போய்விட்டது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் எங்கள் கொல்லைக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். “கொல்லை ஒங்களுதுதாம்மா, யாரு இல்லன்னா? பாதை கம்பெனிது” என்று சொல்லிவிட்டான். என்ன நியாயமோ, நீங்களே சொல்லுங்கள்.

மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது. அறுவடை மெஷின் உள்ளே போக வழியில்லை. கிளி தின்றது போக மிச்சத்தைப் பன்றி தின்கிறது. ஓடை வழியாகச் சுற்றிப் போய், கதிரை ஒடித்துச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். ஆறாம் நாள் என் வீட்டுக்காரர் சாக்கோடு ஓடைக்குள் விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, அரியலூர் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, இப்போது வீட்டில் படுத்திருக்கிறார். சோறு வைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் விழுந்த சேதி தெரிந்து, நிலம் வாங்குகிற ஆள் மறுபடி வந்தான். “வழியே இல்லாத கொல்லைய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, குடுத்துருங்க” என்று பாதி விலை சொன்னான். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

சர்வேயர் வந்து படத்தை விரித்துப் பார்த்தார். அதில் பாதை இல்லை. எப்படி இருக்கும்? நான் கல்யாணமாகி வந்த வருஷம் உங்கள் வீட்டுக்காரர் தங்கசாமி மாமா தன் வரப்பைத் தானே வெட்டி அகலமாக்கி, “வண்டிய இப்படியே ஓட்டிக்கடா முத்துவேலு” என்று இவரிடம் சொல்லி விட்ட பாதை அது. முப்பத்திரண்டு வருஷம் யாரும் யாரையும் கேட்டதில்லை. மாமா படுக்கையில் விழுந்தபோது, ஒரு முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வோமா என்று இவர் கேட்டார். நான்தான் எரிந்து விழுந்தேன். “சாவக் கெடக்கற மனுஷங்கிட்டப் போயி கையெழுத்து கேப்பீங்களா? அக்கா நம்மள என்னன்னு நெனைக்கும்?” என்றேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்துக்கு இன்றைக்கு இவர் கால் உடைந்து கிடக்கிறார். பாவி நான்.

எழுத்தில் இல்லாவிட்டாலும் நெடுங்காலம் போய்வந்த பாதைக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்கிறார் வக்கீல். ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டுமாம். நிலத்தை விற்றவரே வந்து சொன்னால் அதைவிடப் பலம் வேறு இல்லையாம். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். செல்லப்பன் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மிச்சம் நீங்கள் ஒருவர்தான் அக்கா. மாசி பன்னிரண்டு, திங்கட்கிழமை அரியலூர் கோர்ட்டில் வாய்தா. ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

பரிமளா, இனி எழுதுவது உனக்கு. இதுவரை சத்தமாகப் படித்திருந்தால் இனி மனதுக்குள் படி. உன் வீட்டுக்காரன் அறிவரசனுக்குக் கம்பெனி அங்கே கொடுத்த வேலை, நிலத்தோடு பேசி வாங்கிய வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். உன் அத்தை கூண்டில் ஏறிவிட்டால் அந்த வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருக்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மாமாவும் போன பிறகு உங்கள் வீட்டுக்கு அந்த வேலை ஒன்றுதான் கதி என்பது எனக்குத் தெரியாதா?

நீங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று நான் ரோட்டில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். விளங்க மாட்டீர்கள் என்று கத்தினேன். லாரியில் முன்னால் நீ ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாய். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாய். அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எட்டாம் மாதமே குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிலம் போகிற ஆத்திரத்தில்தானே சொன்னோம் என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், தேறவில்லை. என்னை மன்னித்துவிடு தாயி. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். எனக்கு ஒரு தேவை வந்த பிறகு எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது.

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். உன் நிலைமையில் நான் இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். அப்படிச் செய்தால், கொளஞ்சி நலம் விசாரித்து எழுதியிருக்கிறாள் என்று மட்டும் அத்தையிடம் சொல். அது பொய்யில்லை. பதில் போட வேண்டாம். அன்றைக்குக் காலையிலிருந்து கோர்ட் வாசலில் நிற்பேன், பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். இனி தவழும், பிறகு நடக்கும். நூறு வயது இருக்கட்டும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அதை யாரும் மறிக்காமல் இருக்கட்டும்.

உன் சின்னத்தை,
கொளஞ்சி