நான் அழித்த பத்தி

10.11.1994, வியாழன்

என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இங்கே பிக்கரிங்கில் குடியேறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தான் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாற்றை எழுதுகிறார். அதைக் கம்பியூட்டரில் ரைப் பண்ணுவது என் வேலை. அந்தக் காலத்தில், பிள்ளை அங்கே பிறந்தால் ஊரே சோறு போட வேண்டி வருமென்று ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை ஊர் எல்லைக்கு வெளியே பனியில் துரத்தியிருக்கிறார்கள். துரத்தியவர் கிழவரின் பூட்டன்.

"இதை எடுத்துவிடு, ஊருக்கு அழகில்லை" என்று கிழவர், தான் எழுதித் தந்த அந்தத் தாளையும் கிழித்துப் போட்டார். தேவாலய மணிக்கு மட்டும் நாலு பக்கம்! நானும் கம்பியூட்டரில் அந்தப் பத்தியை அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"உவங்கட ஊர், உவங்கட கதை. உனக்கென்ன?"

"அழிச்சது நானெல்லோ!"

அவர் ரீவியைப் போட்டார். நான் இந்தக் கொப்பியைத் திறந்தேன்.

அவள் பெயர் ஹன்னா. இனி அது இந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.