கிளிக்குத் தெரியாது

ஜூலை, இரண்டாம் ஞாயிறு

மாலையில் தெற்குக் கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து எஸ்தரின் அம்மா போனில் பேசினாள். எஸ்தர் காய்ச்சலில் இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் சிறுவர் நிகழ்ச்சியை இங்கே பத்துபஸ்தி சபையின் பின்னறையில் பதிவு செய்து, பென்டிரைவில் கப்பலேற்றி அனுப்புகிறோம். கேசட் காலத்தில் ஆரம்பித்த வழக்கம். தூரத்துத் தீவுகளுக்கு நெட்டை நம்ப முடியாது. அதனால் பிறந்தநாள் வாழ்த்தையும் வெகு முன்னதாகவே பேசி வைத்துவிடுவோம்.

இன்று அங்கே ஞாயிறு பள்ளியில் எஸ்தருக்கான வாழ்த்தைப் போட்டிருக்கிறார்கள். "எஸ்தர் குட்டி, உனக்கு ஏழு வயசு! இந்த வருஷம் முழுக்க இயேசப்பா உன்கூடவே இருப்பார்!" கிளிப் பொம்மையின் குரலில் பேசியது நான்தான். பிள்ளைகள் வழக்கம்போல் கை தட்டியிருக்கிறார்கள். அவள் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம்.

சாவுச் செய்தி வந்த அன்றே அந்த இடத்தை வெட்டச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மாஃபி எல்லாம் கேக்காதீங்க அக்கா. அந்தப் பென்டிரைவ நான் வச்சுக்கிறேன். திருப்பி அனுப்பினா அழிச்சுட்டுப் புதுசு ஏத்திடுவீங்கல்ல?"

வைத்துக்கொள்ளச் சொன்னேன். எஸ்தர் போனில் என்னோடு பேசவே மாட்டாள். கிளியைக் கூப்பிடச் சொல்லி, அதனிடம்தான் எல்லாக் கதையும் பேசுவாள். அதை நினைத்தாளோ என்னவோ, அவள் அம்மா கேட்டாள்:

"கிளிக்கு இன்னும் தெரியாதுல்ல அக்கா? அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சரி என்றேன். நாளைக்குப் பதிவு இருக்கிறது. கிளி பேச வேண்டும்.