சிங்க்கில் நிறுத்திய மாஸ்டர்

மே 6, 2025, செவ்வாய்

கொமுட்டர் ரயில் இன்றும் தாமதம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்தேன், தோளில் ட்ரைபோட். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணிக்குத்தான் கூட்டம் குறையும்.

இறுதியாண்டுக் குறும்படம், எட்டு நிமிடம். ஒரு சமூகக் குழுவைக் கேமராவின் மொழியில் காட்ட வேண்டும் என்பது சிவேந்திரன் சார் கொடுத்த வேலை. நான் எடுத்துக்கொண்டது தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து உழைப்பவர்களை. ஷம்சுதீன் அண்ணன் தொண்டிக்காரர். இந்தக் கடையின் ரொட்டி மாஸ்டர், மலேசியா வந்து இருபத்தோரு வருடம். ஒட்டிய கன்னம், நரைத்த தாடி. அந்த முகம் எனக்குக் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம்.

படம் பிடிக்கிறோம் என்றதும் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்து நின்றார். ஐயோ! “வேலை செய்யற சட்டையே போதும் அண்ணே” என்றேன். போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆனால் ரொட்டி மாவை வீசும்போது அவரிடம் சோகமே இல்லை. ராஜா மாதிரி நிற்கிறார்! என் வகுப்புத் தோழன் ஜீவன்தான் கேமரா. “பின்னால சிங்க் இருக்கு ஷாமினி, லைட் செம லா” என்றான். உண்மைதான். கம்பி போட்ட ஒற்றை ஜன்னல், எண்ணெய்த் தட்டுகள் மலையாக. அங்கே தட்டு கழுவும் தாயம்மாள் அக்கா தலை நிறைய மல்லிகையோடு ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனை அங்கே நிறுத்தினேன்.

“நானா?” என்றார்.

“சும்மா நடிப்புக்குத்தான் அண்ணே.”

ஜீவன் ஸ்டூலில் ஏறி மேலிருந்து எடுத்தான், முகத்தின் குறுக்கே கம்பி நிழல் விழும்படி. செம ஷாட்.

மே 9, வெள்ளி

நிறத்தைக் குறைத்து, ஒற்றை வயலின் சேர்த்தேன். பார்த்ததும் அழுகை வந்தது. நானே எடுத்ததற்கு நானே அழுகிறேன் — அப்போ நல்லாத்தான் வந்திருக்கு!

மே 14, புதன்

சிவேந்திரன் சார் பார்த்துவிட்டு, “அந்த சிங்க் ஷாட்தான் உன் படமே. மாணவர் விழாவுக்கு அனுப்பறேன், முப்பதாம் தேதிக்குள்ள முடிச்சுக் கொடு” என்றார். எங்கள் வகுப்பிலேயே என் படம் மட்டும்! ரயிலில் கிள்ளான் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மே 17, சனி

அண்ணனுக்குப் போனில் படத்தைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மாஸ்டர் சிங்க் பக்கம் போக மாட்டான் பாப்பா. மாவு புடிக்கிற கை அது. அன்னைக்கு நீ போனதுலேர்ந்து இந்தக் கடப் பயலுவ என்னைய ‘தட்டு மாஸ்டர்’ங்கிறானுவ. சரி, போவுது, புள்ள படிப்புக்குத்தானேன்னு பொறுத்துக்கிட்டேன்.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போறேன். மகளுக்கு நிக்காஹ் பேசிருக்கு. மாப்ள வீட்ல, வாப்பா மலேசியாவுல மாஸ்டர்னு சொல்லிருக்கோம். இது போன்ல சுத்திக்கிட்டு அங்க போனா? பொய் சொன்னோம்னு ஆயிரும்மா. இத யாருக்கும் காட்டாத.”

உங்கள் கஷ்டத்தைத்தானே காட்டினேன் என்றேன்.

“என் கஷ்டம் தட்டுலயா இருக்கு? இருபத்தோரு வருசத்துல நாலு தடவதான் மகளப் பாத்திருக்கேன். அத நீ கேக்கவே இல்லியே.”

ஒரு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

மே 18, ஞாயிறு

ஜீவன் போனில் சொல்கிறான்: “ஃபார்ம்ல சைன் பண்ணிட்டார் லா. அப்புறம் என்ன? நீ அனுப்பு.”

படமெடுக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் ஃபார்ம், மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். “இங்க அண்ணே” என்று விரலை வைத்துக் காட்டியது நான்தான். அவர் படிக்கவில்லை. சொல்லப்போனால் நானும் படிக்கவில்லை.

மே 19, திங்கள்

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல்?

மே 21, புதன்

ஒரு செமஸ்டர் முழுக்க உழைச்சிருக்கேன். அந்த விழாவுக்கு எத்தனை பேர் ஆசைப்படறாங்க! நான் என்ன கெட்டதா செஞ்சேன்? கேலி பண்ணி எடுத்தேனா? அந்த ஷாட்டை எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு — ஒரு மனுஷன் ரொட்டி போடறார், அவ்வளவுதானே?

தொண்டியில் யார் பார்க்கப் போகிறார்கள்? அனுப்பிவிடலாமா?

பார்ப்பார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

மே 23, வெள்ளி

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அரிசி மூட்ட போட்டோ ஞாபகம் இருக்கா?” என்றார்.

எப்படி மறப்பேன்? எனக்குப் பதினொரு வயது. அப்பா இறந்த வருடம், தீபாவளிக்கு முன்னால், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, மளிகை என்று ஹம்பர் கொடுத்தார்கள். மண்டபத்துக்குப் போகிறோமே என்று அம்மா ஊதாப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தவர் புடவையைப் பார்த்து முகம் சுளித்தார். மூட்டையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். என்னை அம்மாவின் இடுப்போடு ஒட்டி நிற்க வைத்தார். பிறகு, “சிரிக்காதீங்க அக்கா” என்றார். அது பேப்பரில் வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் என் பெயரே அரிசி மூட்டை.

“அந்தாளும் நம்ம நல்லதுக்குத்தான் எடுத்தாரு,” என்றார் அம்மா. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே, “அன்னைக்கு எனக்குச் சிரிக்கணும்போல இருந்துச்சுடி. உங்கப்பா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் முதல்முதலா நல்ல புடவை கட்டினேன்.”

இது எனக்குத் தெரியாது. பக்கத்தில்தானே நின்றேன், எனக்கே தெரியாது. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 26, திங்கள்

சாரிடம் சிங்க் ஷாட்டை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். “அத நம்பித்தான் உன் படத்துக்கு இடம் கேட்டேன் ஷாமினி. மாத்தினா நான் பொறுப்பில்ல” என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கடையில், அண்ணன் கண் முன்னாலேயே சிங்க்கில் எடுத்த எல்லாவற்றையும் அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். “அழுவாதம்மா, கஸ்டமர் பாக்கறாங்க” என்றார்.

அதற்குள் பின்னாலிருந்து தாயம்மாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஏய் பொண்ணு, நான் ஒண்ணு கேக்கறேன். என் சிங்க்ல அவர நிக்க வச்சிட்டு என்னைய வெளிய தொரத்தினியே, ஏன்? நான் அழகா இல்லியா?”

கடையே சிரித்தது. நான் உண்மையைச் சொன்னேன்: “நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க அக்கா.”

“ஏன், சிரிச்சா தட்டுல அழுக்குப் போகாதா?”

உங்களையும் எடுக்கட்டுமா அக்கா என்று கேட்டேன்.

“புதன்கிழம வா,” என்றார் அண்ணன். “ஞாயித்துக்கிழம எனக்கு ஃப்ளைட்டு. அதுக்குள்ள ஒழுங்கா எடு.”

மே 28, புதன்

நீலச் சட்டை. இஸ்திரி கலையாமல் இருக்க மத்தியானம் முழுக்க உட்காரவே இல்லையாம்!

ஜீவன் பழக்கத்தில் ஸ்டூலை இழுத்தான். அண்ணன் அதைக் காலால் தள்ளிவிட்டு, கேமராவைத் தன் கண் உயரத்துக்கு வைக்கச் சொன்னார். கல்லில் ரொட்டி விழும் சத்தம் மட்டும், வயலின் கிடையாது. மகளை முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டரை வயதாம், “இந்த மாமா யாரு”ன்னு கேட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், திரும்பிக்கொண்டு ரொட்டியைப் புரட்டினார். அவர் திரும்பிய பிறகும் கேமராவை நிறுத்தாமல் இருந்தோம்.

பிறகு தாயம்மாள் அக்காவின் முறை. அண்ணன் என் காதருகே வந்து, “இவள மட்டும் மேலேர்ந்து எடு. அப்பத்தான் நான் மாஸ்டர்னு தெரியும்” என்றார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. ஸ்பாஞ்ச் பறந்து வந்தது. “மேலேர்ந்து எடுத்தா என் பூ நல்லா தெரியும், அது வேற விஷயம். ஆனா இந்த மனுசன் சொன்னதுக்காகவே வேணாம்!” நீலச் சட்டையில் ஈரம். ஜீவன் அதையும் எடுத்துவிட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

விழாப் பட்டியலில் என் படம் இல்லை. சாரின் குறிப்பு: முதல் எடிட்டில் இருந்த அழுத்தம் போய்விட்டது, மதிப்பெண் B. உண்மையைச் சொன்னால் வலிக்கிறது. போஸ்டரில் வேறு ஒருத்தியின் பெயரைப் பார்த்து வயிறெரிந்தது. நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை.

ஜூன் 14, சனி

தொண்டியிலிருந்து அண்ணன் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் அனுப்பிய புதுப் படத்தை மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்களாம். அந்த ஸ்பாஞ்ச் அம்மா யார் என்று கேட்டு ஒரே சிரிப்பாம். பின்னால் ஒரு பெண்ணின் குரல், “வாப்பா, இன்னொரு தடவ போடுங்க.”

சாயங்காலம் அம்மாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். இதுவரை கேட்கவே இல்லை, நானும் காட்டவில்லை. எட்டு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“அந்தக்கா சிரிக்கிறத வெட்டாம விட்டிருக்கே,” என்றார்.

பிறகு உள்ளே போய் அந்த ஊதாப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டார்.